தலைக்கணக்கு

ஆட்களை எண்ணக் கூடாது என்று
ஐம்பத்து மூன்றாம் வயதில், ஒரு வகுப்பறையில்,
அவளுக்குச் சொன்னார்கள்.
ரோஸலிண்ட் பெர்லோவுக்குச் சிரிப்பு வந்தது.
இருபத்தெட்டு வருடம்
மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியது
அதற்குத்தானே.

வேறு வழி உண்டு என்றார்கள்.
பத்துச் சொல்லில் ஒரு பழைய வேண்டுதல்.
ஆளுக்கொரு சொல்லாக வைத்துக்கொண்டே போ.
சொல் தீர்ந்தால்
பத்துப் பேர் சேர்ந்தாயிற்று, தொழலாம்.
(நெல் அளப்பவர் முதல் மரக்காலை
ஒன்று என்னாமல் லாபம் என்பாரே,
அந்த மாதிரி.
லாபம் என்ற சொல் மட்டும்
அவளிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது.)

திங்கள் விடியற்காலை லண்டன் ரயில்.
விசிட்டிங் கார்டு வைத்திருந்த வெள்ளிப் பெட்டியில்
இப்போது ஹீப்ரு வினைச்சொற்கள்.
எதிர் இருக்கையில் பழைய அவளைப் போலவே ஒருத்தி
மடிக்கணினியில் கட்டங்களை அம்புக்குறியால் இணைத்தாள்,
இடமிருந்து வலம்.
இவள் வலமிருந்து இடம் போய்
ஓர் எழுத்தில் அரைமணி நேரம் முட்டிக்கொண்டாள்.

கூடப் படித்த அஷெருக்கு இருபத்தாறு வயது.
உங்களுக்கு அழைப்பு எப்போது வந்தது என்று கேட்டான்.
தவறிய அழைப்பு, என்றாள்.
பார்க்கத் தாமதமாகிவிட்டது.

ராதரமில் பிஸ்கட் டின் செய்யும் ஆலை ஒன்று இருந்தது.
மூடலாம் என்று நாற்பத்தொரு பக்கம் எழுதியவள் அவள்.
அறிக்கையில் தவறில்லை.
இன்றும் ஒரு கூட்டல் பிழை காட்ட முடியாது.
எக்செல் தாளில் நான்காம் நிரலின் அடியில்
முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஒருவரையும் பார்த்ததில்லை.
பார்த்தால் கை நடுங்கும் என்பது
தொழிலில் எழுதாத விதி.

ஓர் இரவு, டான்காஸ்டருக்கு முன்னால் ரயில் நின்றுபோனபோது
அந்தப் பத்துச் சொல்லை
அவர்கள் மேல் சொல்லிப் பார்த்தாள்.
முழுதாக முப்பத்தொரு முறை.
மிச்சம் இரண்டு பேர்.
முதல் சொல்: காப்பாற்று.
இரண்டாம் சொல்லுக்குத் தனியாகப் பொருளே இல்லை,
நம் இரண்டாம் வேற்றுமை உருபு போல
யாரை என்று கேட்டுவிட்டு நிற்கும்.
அங்கேயே நின்றது.
ரயிலும்தான்.

பிரிட்லிங்டன். வெள்ளி மாலை ஆறரை. வடகடல் மழை.
குவேக்கர்களிடம் வாடகைக்கு எடுத்த கூடம்.
தோரா இருக்கும் அலமாரிக்குக் கீழே நான்கு சக்கரம்;
மற்ற நாட்களில் பாட்மின்டன் வலைக்குப் பின்னால் நிற்கும்.
முன்வரிசையில் சிரில் ஹார்டோக்,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
அக்கா போய் இன்னும் முப்பது நாள் ஆகவில்லை.
துக்கத்தின் பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் வேண்டும்
என்பது அவர் அப்பா காலத்துப் பிடிவாதம்.
அந்த அப்பாவின் சபையில்
இவளையே சேர்த்திருக்க மாட்டார்கள்.

கண்ணாலேயே சொல் வைத்துக்கொண்டு போனாள்.
கடைசியாகத் தன் மேலும் ஒன்று.
ஒன்பதில் நின்றது.
பத்தாம் சொல்: என்றென்றும்.
ஒன்பதாவது: வரை.

'வரை'யைக் கையில் வைத்துக்கொண்டு
கதவைப் பார்த்தாள்.

வில்ஃப் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.
பெட்டினாவின் கணவர், யூதர் அல்ல,
தேநீர் அவர் பொறுப்பு.
நான் வேண்டுமானால் ஓரமாக நிற்கட்டுமா?

பழைய வேலையாக இருந்தால்
மூன்று வழிகளைத் திரையில் போட்டிருப்பாள்,
ஒவ்வொன்றின் செலவோடு.
இப்போது நடந்துபோய்
சிரிலின் பக்கத்தில் குனிந்தாள்.
அக்கா பேரென்ன?
ஹெட்விக். வீட்டில் ஹெட்டி.
பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினால் திட்டுவாள்.
எழுந்திருங்கள், தொடங்குவோம்.

பிரார்த்தனை பாதியில் இருக்கும்போது கதவு திறந்தது.
சொட்டச் சொட்ட ஒரு பெண்,
கக்கத்தில் சுருட்டிய ஊதாப் பாய்.
யோகா இங்கேதானா?
செவ்வாய்க்கிழமை, என்றார் யாரோ.
ஆமென் என்றார் இன்னொருவர், தன் முறைக்கு.
ரோஸலிண்ட் ஹீட்டர் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.
நனைந்திருக்கிறீர்கள், உட்காருங்கள்.

சிரில் விட்ட இடத்தைத் தேடி எடுத்துக்கொண்டார்.
உள்ளே வில்ஃப் எண்ணுவது கேட்டது,
உரக்க, கோப்பைகளை:
ஒன்பது, பத்து, பதினொன்று.