பிடித்துக்கொள்ளாத இன்ஜின்

மணிக்கொரு தரம் டார்ச் அடித்துப் பார்ப்பேன்,
இரவில் பாறை இடுக்கில் நண்டு தேடுகிறவனைப் போல.
சவ்வின் மூலையில் கறுப்பாக ஏதாவது
உறைந்து ஒட்டியிருக்கிறதா?
தொடைக் குழாயில் வெளியேறுவது நாவற்பழச் சாயம்.
கழுத்துக் குழாயில் திரும்பிப் போவது
கண்கூசும் சிவப்பு.
நடுவே, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி.
பாவாடையின் நுரையீரல் இப்போதைக்கு இதுதான்.

வயது நாற்பத்தொன்று. கடலூர் சோனாங்குப்பம்.
விசைப்படகு டீசல் இன்ஜின் மெக்கானிக்.
நகக்கண்ணில் ஏறிய கிரீஸால்
விரல் கிளிப் தடுமாறியது,
காதுமடலுக்கு மாற்றினோம்.
எக்ஸ்ரேயில் வலது மணிக்கட்டில் ஒரு பழைய முறிவு.
"இஞ்சினு ஹேண்டில் திருப்பி அடிச்சிருச்சுங்க,
கல்யாணத்துக்கு முந்தியே"
என்றாள் அஞ்சலாட்சி, போனில்.

புதுச்சேரியில் எங்கள் வார்டுக்கு
இந்த மிஷின் ஒன்றுதான்.
அவர் வந்த இரவு
வில்லியனூரிலிருந்தும் ஒருவர் வந்திருந்தார், ஐம்பத்தெட்டு வயது.
மூடிக்கிடந்த கேண்டீன் வாசலில்
டாக்டர்கள் மூன்று பேர் நின்று பேசினார்கள்,
ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு.
பிறகு பாவாடை பெயரைச் சொன்னார்கள்.
மற்றவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.
கேட்டிருக்கலாம்.

ஒன்பதாம் நாள் வீடியோ காலில்
அவள் குழாய்களையே பார்த்திருந்தாள்.
"ரத்தம் வெளிய வந்து சுத்துற நேரத்துல
அவரு எங்கங்க இருப்பாரு?"
அரை லிட்டர்தாம்மா வெளியே, என்றேன்.
அவள் கேட்டது அதையல்ல என்று
இருவருக்கும் தெரியும்.

பதினேழாம் இரவு. அக்னி வெயிலைக் கிழித்துக்கொண்டு மழை.
மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமி அடங்கியது.
நூறு சதவீதம் என்று காட்டிய பேட்டரி
பொய் சொல்லியிருந்தது.
பம்ப் நிற்கிற சத்தம் என்று ஒன்று உண்டு;
அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கிளாம்ப் போட்டேன். தலையைக் கழற்றிக் கைப்பம்பில் மாட்டினேன்.
மெர்லா டார்ச்சைப் பிடித்தாள்.
சுற்றினேன்.
கண்ணாடிக்குள் ஆவி, கையுறைக்குள் வேர்வை,
கைப்பிடியில் வரிசையாக எரியும் பச்சை விளக்குகள்,
ஒன்று அணைந்தால் இன்னும் வேகம்.
சுற்றினேன்.
படகில் என்றால்
நாலு சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும்,
கைப்பிடியை உருவிக்கொண்டு விலகிவிடலாம்.
இது பிடித்துக்கொள்ளாது.
விட்டால் நிற்கும்.
அவருடைய மணிக்கட்டை நினைத்துக்கொண்டேன்,
ஏனென்று தெரியாது,
கையை மாற்றாமல் சுற்றினேன்.
சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிடம்.
விளக்கு வந்ததும் மெர்லா என் விரல்களை
ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

விடிந்து அரியாங்குப்பம் பாலத்தில்
ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கினேன்.
வலது கை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.
கீழே ஆறு
எந்தப் பக்கம் ஓடுகிறதென்றே தெரியாமல் கிடந்தது.

இருபத்து நாலாம் நாள்
அவர் சொந்தமாக இழுத்த மூச்சு எண்பது மில்லி.
ஒரு டீ கிளாஸ் அளவும்மா, என்றேன்.
"டீயா?" என்றாள்.
மாஸ்க்குக்குப் பின்னால் சிரித்தாளா, தெரியவில்லை.

அடுத்த மூச்சு எழுபத்தாறு.
அதை அவளுக்குச் சொல்லவில்லை.
டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.