வடிதாள்

சாம்பல் அட்டை நானூற்றைம்பது ராண்ட்.
அந்தக் காசுக்கு
டொங்காட் போய்த் திரும்பலாம் கார்.

போன வாரம் மாப்பிள்ளை வேட்டியை
வெள்ளை என்று நம்பி அளந்தேன்.
சொட்டுநீலம் போட்ட வேட்டி:
படமெல்லாம் காமாலை.
பிரிண்டர் தாளும் அதே புளுகு.

இன்று சாட்ஸ்வர்த் மண்டபத்துச் சமையற்கட்டில்
கேட்டு வாங்கினேன்
காப்பி வடிதாள் ஒன்று.
நூறு தாள் இருபத்தெட்டு ராண்டாம்.

லென்ஸ் வாயில் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி
மணப்பெண் நாற்காலியில் நானே உட்கார்ந்து
விளக்குகளைப் பார்த்து ஒரு வெற்றுப் படம்.

"கோகி, உனக்கு எப்போ?"
பந்திப் பக்கமிருந்து சிரிப்பு.
எழுந்துவிட்டேன்.

தேஷ்னி வந்து உட்கார்ந்தாள்.
சுவர் வெள்ளை, பூ வெள்ளை.
கன்னத்தில் நலங்கு மஞ்சள் மட்டும்
மஞ்சள்.