மூன்றாம் பாடவேளை, பச்சை தீர்ந்துவிட்டது

புட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன்;
காய்ந்த செதில் ஒன்று உள்ளங்கையில் விழுந்தது.
ஜன்னலுக்கு வெளியே கீழ்கோத்தகிரி முழுக்கப் பச்சை.
உள்ளே நாற்பத்தொரு பேருக்கு ஒரு சொட்டு இல்லை.

"நல்லதாப் போச்சு" என்றேன்.
பகுதிநேர ஓவிய ஆசிரியைக்கு
இல்லாததைப் பாடமாக்கிவிடும் பழக்கம்.
மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள்,
நீலத்தை ஈர்க்குச்சி நுனியால் தொட்டு வையுங்கள்.
தலைகீழாகச் செய்யாதீர்கள்,
நீலம் மஞ்சளைத் தின்றுவிடும்.

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு கலக்கியது.
அஜிலனுக்கு வந்தது காய்ச்சல் கண்ட பச்சை.
பெள்ளிராஜுக்கு, அவன் அத்தை வீட்டு
வெளிச்சுவரின் கிளிப்பச்சை.
அந்த வீட்டுக்கு ஜன்னல் ரோஸ், கதவு கத்தரிப்பூ.
"எங்க ஹட்டியில எல்லாம் இப்படித்தான் மிஸ்.
மூடுபனியில வீடு தெரியணும்ல?"
என் குறிப்பேட்டில் 'கண்ணை உறுத்தும் திட்டம்' என்று
எழுதி வைத்திருந்ததை
விரலால் மறைத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்த நிறங்கள் சண்டையிடாது என்றேன்.
அதோ சரிவு: கொழுந்து, முற்றிய இலை, இலைக்கடியில் நிழல்.
"கவாத்து வெட்டின காடு மிஸ், அது என்ன நிறம்?"
பவதாரிணி கேட்டாள்.
சாம்பல்.
"பக்கத்துல போனா ஊதா."
நான் பக்கத்தில் போனதில்லை.
பஸ் அங்கே நிற்காது.

பிறகு எதிர் நிறங்கள்.
தாழ்வாரத்திலிருந்து சிவப்புத் தீயணைப்பு வாளியைத் தூக்கி வந்தோம்,
மணலும் அதில் மூன்று சாக்லேட் தாளுமாக.
முப்பது எண்ணும்வரை இமைக்காமல் பாருங்கள்,
அப்புறம் வெள்ளைச் சுவரை.
இந்தப் பள்ளியில் வெள்ளைச் சுவர் எங்கே இருக்கிறது?
நாலடி வரைக்கும் சாணி நிற பெயின்ட்,
அதற்கு மேல் ஜூன் மாதம் வரைந்த பூஞ்சை.
இருபத்தெட்டு, இருபத்தொன்பது,
அப்போதுதான் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்து
ஜன்னல் நான்கையும் அடைத்துக்கொண்டு நின்றது மூடுபனி.

திரும்பினார்கள்.
தேயிலை இல்லை, சில்வர் ஓக் இல்லை, கொடிக்கம்பம் இல்லை.
அந்த வெறுமையில்
நாற்பது வாளிகள் மிதந்தன,
யாரும் கலக்காத பச்சையில்.
உண்மையைச் சொன்னால் நீலம் ஏறிய பச்சை,
புத்தகம் காட்டுவதற்கு ஒரு கட்டம் தள்ளி.

நாற்பதுதான்.
யோகராணி வாளியைப் பார்க்கவே இல்லை.
சிவப்பையும் அஜிலனின் பச்சையையும்
தட்டில் குழைத்துக்கொண்டிருந்தாள்.
"எதிர் நிறங்கள் கலந்தால்
ஒன்றையொன்று அணைத்துவிடும்" என்றேன்.
"எந்த அணைப்பு மிஸ்?" கடைசி பெஞ்சு.
சிரிப்பில் மேசை ஆடி வாளி நகர்ந்தது.
நானும் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை.
தூரிகை நுனியில் பழுப்பைத் தூக்கிக் காட்டினாள்.
"இது ரோலர்ல இருந்து வந்து அரை மணி ஆன தூள்.
இன்னும் சிவக்கணும். செம்புக்காசு மாதிரி ஆனா
ட்ரையருக்குத் தள்ளிடுவாங்க.
அப்பா நைட் ஷிஃப்ட்ல அதைத்தான் பாத்துட்டு நிப்பாரு,
லைட்டுக்குக் கீழ, கையில அள்ளி அள்ளி."
கொஞ்சம் நிறுத்தினாள்.
"ஆனா அங்க யாரும் சிவப்பு ஊத்தறதில்ல மிஸ்.
அதுவா வரும்."

கரும்பலகையில் என் பன்னிரண்டு கட்ட வட்டம்.
கையில் சாக்பீஸ், அதுவும் வெள்ளை.
மணி அடித்தது. காப்பாற்றியது என்றும் சொல்லலாம்.

மாலை, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் முன் இருக்கை.
எங்களுக்கு முன்னால் ஒரு கேரட் லாரி,
வெள்ளைக்குள் இரண்டு சிவப்பு விளக்குகளாக மட்டும்.
இமைக்காமல் எண்ணத் தொடங்கினேன்.
இருபத்திரண்டில் கொண்டை ஊசி வளைவு.