நூல்

துலூத் நகரில் பனி கொட்டும் செவ்வாய் இரவு.
டிக்கெட் கூண்டின் முன்னால் நின்று
ஓரினும் தோவாவும் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

கீழ் அரங்கில் அந்தப் படம்:
நிலா நூலில் ஆடும்,
செத்த மாலுமி கண் சிமிட்டுவான்,
ஊரே சிரித்துத் தீர்த்தது.
மேலே, அதை எடுத்த கதையைச் சொல்லும் புதுப்படம்.
தேர்ந்த நடிகர்கள். நல்ல நிலா.

"இழவு வீட்டுக்குப் போகிறவர்
செத்தவர் முகத்தையாவது அறிந்திருக்க வேண்டாமா?"
என்கிறாள் தோவா.
"சிரிக்கத்தானே போகிறோம்" என்கிறான்.

கூண்டுக்குள் மார்லிஸ்
சில்லறையை இரண்டாம் முறை எண்ணுகிறாள்.
முப்பத்தோரு வருடம் முன்பு
அந்த நூலின் மறுமுனையைப் பிடித்திருந்தவள்.
கொட்டகையில் ஹீட்டர் இல்லை,
கை நடுங்கியது,
அவ்வளவுதான் நடந்தது.
புதுப்படத்தில் அவளாக வருகிறவளுக்கு
மிக அழகாக நடுங்குகிறதாம்,
விருதுகூடக் கிடைக்கலாமாம்.

"கீழேயா, மேலேயா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

"கீழே போவதானால்" என்கிறாள் மார்லிஸ்,
கேட்காமலே இரண்டு டிக்கெட்டைக் கிழித்தபடி,
"மூன்றாவது வரிசை, இடது ஓரம்.
வெளியேறும் வழியின் சிவப்பு விளக்கு
கண்ணில் அடிக்கும்.
நூல் தெரியாது."