ஞாயிற்றுக்கு மீட்டர் இல்லை

ஹேஃபோர்க்கைத் தாண்டி மலையேறும் மண்பாதையில்
சிக்னல் கிடையாது.
அதனால்தான் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.
மாதம் ஒருமுறை நேரில் போய்
எண்ணைப் பார்த்து எழுதி வரவேண்டும்.

முதல் கம்பம் ஆர்லென் பிக்ஃபோர்டுடையது.
பழைய மரக்கிடங்கு,
ஜன்னல்களுக்கெல்லாம் தகரம் அடித்திருக்கிறார்.
பொழுது சாய்ந்தால் அங்கே விடியும்
(இரவில்தான் மின்சாரம் மலிவு).
பன்னிரண்டு மணிப் பகல், பன்னிரண்டு மணி இரவு,
ஒரு நிமிடம் கூடாது, குறையாது.
நான் போகும் நேரம் உள்ளே நடுச்சாமம்.
கதவைத் திறக்கவே மாட்டார்.
ஏழு வருஷமாக அவர் செடிகளை
சக்கரம் சுழலும் வேகத்தில் மட்டுமே
பார்த்திருக்கிறேன்.

கஞ்சா பூக்க இருட்டு வேண்டுமாம்.
சாவித் துவாரத்தில்கூடத் துணி திணித்திருந்தது.
"வெளிச்சத்தை உங்களிடம் வாங்கிவிடலாம்,
இருட்டை நானேதான் தைக்கவேண்டும்"
என்றார் ஒருமுறை,
விரலில் பசை காய்ந்துகொண்டிருக்க.

இரண்டு வளைவு மேலே யெர் லோர்.
ஒரு பம்பு, ஒரு குளிர்பெட்டி,
போன மாதம் நாற்பத்தொரு யூனிட்.
அவளைவிட உயரமான செடிகளுக்குள்
தொப்பி மட்டும் நகரும்.
ஆகஸ்ட் பாதியில் சொல்வாள்:
"பகல் குறுகுது. எனக்கு முன்னாடி
இதுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."
வருஷத்துக்கு ஒரே அறுப்பு.
அதையும் கடைக்காரன் பாதி விலைக்கே கேட்பான்:
தூசி இருக்கிறதாம், சிலந்தி நூல் இருக்கிறதாம்,
வெயிலில் வளர்ந்ததாம்.

இருவருக்கும் பேச்சில்லை.
அவர் முற்றத்து விளக்கு
அவளுடைய வடக்கு வரிசையின் இரவுகளைக் கெடுத்தது;
அந்த வரிசை பூக்கவேயில்லை.
அவளுடைய ஆண்செடி ஒன்றின் மகரந்தம்
அவர் காற்றுக்குழாய்க்குள் புகுந்தது;
ஒரு போகம் முழுக்க விதை.
இதையெல்லாம் தனித்தனியாக என்னிடம் சொல்வார்கள்,
ஏதோ அதற்கும் நான்
ரசீது போடுவேன் என்பதுபோல.

செப்டம்பரில் அந்தப் பக்க முகட்டில் தீ.
ஒன்பது நாள் புகை.
சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது,
அடுப்பில் கடைசியாய்க் கிடக்கும்
கரித்துண்டுபோல.
காற்று வலுத்ததும் கம்பி அறுந்து விழுமென்று பயந்து
கம்பெனி இணைப்பைத் துண்டித்தது.
மீட்டர்கள் நின்ற இடத்தைக் குறித்து வா என்று
ஞாயிற்றுக்கிழமையில் என்னை அனுப்பினார்கள்.

கிடங்கின் கதவு திறந்திருந்தது.

ஆர்லென் தொட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே
இழுத்து வைத்துக்கொண்டிருந்தார்.
குள்ளமாய், ஒரே அளவாய்,
பள்ளிக்கூடப் படத்துக்கு நிற்பதுபோல் செடிகள்.
காற்றில் அசையத் தெரியாமல்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன.
ஒளிமானியை வானத்துக்குக் காட்டினார்,
எண்ணைப் படித்தார்,
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

மேலே பெட்ரோல் ஊதுகுழல் இரையும் சத்தம்:
யெர் இலைகளிலிருந்து சாம்பலை ஊதிக்கொண்டிருந்தாள்.
ஊத ஊத விழுந்தது.
சத்தம் நின்றது.
முழங்கைவரை வெள்ளையாக இறங்கி வந்து
தொட்டிகளைப் பார்த்தாள்,
கொஞ்ச நேரம்.

"ராத்திரிக்கு என்ன செய்வீங்க?"

"ராத்திரியா..." என்றார் ஆர்லென்.
கையில் அந்தத் துணித் துணுக்கு இருந்தது.
அடைக்க எந்தத் துவாரமும் இல்லை.
"அது தானா வருமே."

அவள் சிரித்தாளா, இருமினாளா,
முகத்துணி மறைத்துவிட்டது.
ஊதுகுழலை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.
கொடுத்தாளா, மறந்தாளா, அதுவும் தெரியாது.

முந்தைய எண், இப்போதைய எண், வித்தியாசம்:
மூன்று கட்டங்கள் என் தாளில்.
இரண்டு வீட்டுக்கும் நிரப்பிவிட்டு நிமிர்ந்தேன்.
ஞாயிறென்றால் எனக்கு விடுமுறை.
புகைக்குப் பின்னால் அது மட்டும்
வேலைக்கு வந்திருந்தது,
என்னைப்போலவே, அரை மனதாக.