துண்டு போட்ட இருக்கை

பாசலில், ஜன்னல் இல்லாத அறை.
விழித்து முப்பத்தொரு மணி நேரம்.
அரை மணிக்கொரு தடவை
குழாயில் எச்சில் துப்பச் சொன்னாள் உர்சினா.
தூங்காமல் இருக்கக் கூலி
அறுநூறு பிராங்க்.

விழித்த ஒவ்வொரு மணிக்கும்
மூளையில் அடினோசின் சேருமாம்.
கடைசி பஸ்ஸுக்குக் கூட்டம் சேர்கிற மாதிரியா, என்றேன்.
அப்படியென்றால் கஃபீன்
முண்டியடித்து ஏறித் துண்டு போடுகிற ஆள்.
தானும் உட்காராது,
உட்கார வந்ததையும் விடாது.
கூட்டமோ கலையாமல் நிற்கும்.
அவள் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டாள்.

மாத்திரை விழுங்கினேன்.
நெஞ்சு படபடத்தது.
சுவரின் வெள்ளை கண்ணைக் குத்தியது.
"சரியான டோஸ்" என்றேன், விரல் நடுங்க.

மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டாள்.
உங்களுக்குத் தந்தது வெறும் மாவு.
ஆனால் எச்சிலில் கார்டிசோல்
இரவு முழுக்க இறங்கவே இல்லை.
வேறு ஏதாவது எடுத்தீர்களா?

கை தானாக மேல்சட்டையைத் தொட்டது.
உள்பையில்
கடன் வசூல் அலுவலகக் கடிதம்,
அன்றைக்கும் அங்கேதான் இருந்தது,
இன்னும் பிரிக்கவில்லை.

"ஒன்றும் இல்லை" என்றேன்.

மழை. ஆறாம் எண் டிராம்.
பெட்டி முழுக்கக் காலி.
நின்றுகொண்டே போனேன்.