பத்து வருஷ வாரண்டி

வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
ஆனி மாசத்தில் பெயிண்ட் அடிப்பவன்
முதலில் காற்றோடு பேசி முடிக்க வேண்டும்.
கணவாய் வழியே வரும் அது எங்கும் நிற்பதில்லை.
கஞ்சிக்கோட்டு ஆலைச் சாம்பல்,
சித்தூர்க் கள்ளு வண்டி கிளப்பிய புழுதி,
யார் களத்து உமியோ,
எல்லாம் ஷட்டருக்கு அடியில் வந்து படுக்கும்.
ஆறுச்சாமி தரையெங்கும் தண்ணீர் அடித்து
இடுக்கில் ஈரச் சாக்கைத் திணித்து,
வேட்டி நூல் பறக்குமென்று
டவுசரோடு நிற்பான்.

கார் இரிஞ்ஞாலக்குடாவிலிருந்து வந்தது.
இரண்டே கதவு. தரையில் வயிறு உரசும் உயரம்.
வாசல் மேட்டில் ஏற்றப் பலகை போட்டோம்.
பல் டாக்டர் ப்ரின்ஸி தரகன், வண்டிக்கு மூன்றாவது சொந்தக்காரி.
"இந்த மஞ்சள் மதி" என்றார்.
"மழைக்குத் தொட்டு முன்னால வானம் இருக்குமே,
அந்த நிறம்."
ஆறுச்சாமி எட்டுத் தகட்டில் எட்டுச் சாம்பல் பூசிக் காட்டினான்.
ஏழைத் தள்ளினார்,
பல்லுக்கு நிறம் பொருத்துகிறவர்.

தேய்க்கத் தேய்க்க மஞ்சளுக்குக் கீழே சிவப்பு.
சிவப்புக்குக் கீழே, இடது பின்பக்கம் மட்டும்,
ஒரு விரல் கனத்துக்குப் புட்டி.
எவரோ எங்கோ எதிலோ மோதியிருக்கிறார்.
போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"சொத்தையை முழுக்க எடுத்துட்டு அடைங்க."

பெயிண்ட் ஏறியதும் முப்பது நாள்
மூச்சு விட விட்டோம்.
ஆவி போகுமுன் ஃபிலிம் ஒட்டினால் கொப்புளம்.
மழைக்கு முந்திய வானம் ஷெட்டுக்குள் பூட்டிக் கிடக்க
வெளியே அசல் வானம்
இரண்டு தரம் கறுத்து, மலைக்கு அந்தப் பக்கமே பெய்துவிட்டுப் போனது.

பிறகு என் வேலை.
பேபி ஷாம்பு கலந்த தண்ணீரில் விரல் பத்தும் ஊறி வெளுக்க
பானெட் அகலத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத தோல்.
நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைத் தள்ள வேண்டும்.
இழுத்தால் வளையும்.
ரொம்ப இழுத்தால் ஞாபகம் வைத்திருந்து
ராத்திரியில் சுருங்கும்.
சின்னக் கீறலென்றால் வெந்நீர் ஊற்றினால் போதும்,
தானே ஆற்றிக்கொள்ளும்.
இதைச் சொல்லும்போதெல்லாம் வருகிறவர்கள்
என் கையைத்தான் பார்க்கிறார்கள்:
பிளேடு போட்ட கோடுகள்,
ஆறியதும் ஆறாததும்.

இரவு பத்தேகால்.
சூடு ஊதி, ஓரம் மடித்து,
விளக்கைச் சாய்த்துப் பார்த்தால்
பானெட்டின் வலது தோளில் ஒரு கொசு.
கொசுகூட இல்லை, கனிந்த பழத்தைச் சுற்றுமே, அந்த ஜாதி.
இறக்கை விரித்து,
ஒற்றைக் கால் மட்டும் மடங்கி.

ஆறுச்சாமியிடம் சொன்னால் பிய் என்பான்.
பிய்த்தால் அரை லட்சம்,
பாதி என் தலையில்.
சஃபூரா, உன் வாய்க்கு மாஸ்கிங் டேப் என்று
விளக்கை அணைத்தேன்.

டாக்டர் வந்தார்.
பையிலிருந்து, வாய்க்குள் விடும் அந்தக் குட்டிக் கண்ணாடி.
கதவிடுக்கு, விளக்குப் பள்ளம், சக்கர வளைவு,
ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்வதுபோல் குனிந்து பார்த்தார்.
வலது தோளில் கண்ணாடி நின்றது.
நான் வாளி கழுவப் போனேன்.
வாளி ஏற்கெனவே கழுவியிருந்தது.

"இது உள்ளேயா?"
"உள்ளதான்."
"வாரண்டி?"
"பத்து வருஷம் மேடம். மஞ்சளிக்காது."
"ரெண்டுக்குமா?"

சிரித்தாரா என்று இன்னும் தெரியவில்லை.
பில்லில் இரண்டாயிரம் குறைத்தார்.

செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்களாம்.
ஆர்.சி.யில் மஞ்சள், எதிரே நிற்பது சாம்பல்.
அரை மணி நேரம், கண்ணாடியை இறக்கி,
விண்ணப்பம் போட்ட ரசீதைக் காட்டி, மலையாளத்தில் மன்றாடி.
முன்னால் பானெட்டில்
இறக்கை விரித்து உட்கார்ந்திருந்தவனிடம்
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.